பார்வைத் தொலைவு

அரை மணிக்கொரு தரம்
கீழே சமவெளித் தளத்துக்குச் சொல்ல வேண்டும்,
எவ்வளவு தூரம் தெரிகிறதென்று.

கேத்தியில் என் அளவுகோல்கள்:
தேயிலைத் தொழிற்சாலைப் புகைபோக்கி, எண்ணூறு மீட்டர்.
போஜனின் கேரட் கழுவும் கொட்டகை, முந்நூறு.
அதுவும் போனால்
வாசலில் நிற்கும் என் ஸ்கூட்டர்.

பயிற்சிக்கு வரும் பையன்களைப் பார்த்ததில்லை.
குரல்தான்.
நாலாம் எண்
ஒவ்வொரு முறையும் ‘ஓவர்’ சொல்லுமுன்
எச்சில் விழுங்குவான்.

இன்று பத்தே முக்காலுக்குப் புகைபோக்கி இருந்தது.
பிளாஸ்க் மூடியைத் திருகி நிமிர்ந்தால்
இல்லை.
கொட்டகைக்குக் கூரை மட்டும்,
பிறகு அதுவும்.
“இறங்காதே, திரும்பு” என்றேன்.

தலைக்கு மேலே வெள்ளைக்குள்
யாரோ ஜமுக்காளம் உதறுகிற சத்தம்.
ஒரு சுற்று.
இன்னொன்று.
அவனிடம் எரிபொருள் எவ்வளவு, தெரியாது.
பதிவேட்டில் எழுதினேன்:
10.47. இருநூறுக்குக் கீழ்.
ஏழு, ஒன்றைப் போல விழுந்திருந்தது.

சத்தம் குன்னூர்ப் பக்கம் சரிந்து
கரைந்தது.

பதினொன்றே காலுக்குப் பளீரென்று வெயில்.
கொட்டகை, புகைபோக்கி,
நான் எண்ணே கொடுக்காத மலைகள் வரை
எல்லாம்.

தரையிலிருந்து கேட்டான் நாலாம் எண்:
“இப்போ எப்படி?”
சொல்ல வெட்கமாயிருந்தது.
“பத்து கிலோமீட்டர்.”

சிரித்தான்.
‘ஓவர்’ சொல்ல மறந்துவிட்டான்.