ஒன்பதாம் அறை

வாயிற்கல்லில் கொடையாளியின் பெயர், முழ நீளத்துக்கு.
எங்கள் பெயர்கள் உள்ளே, பேரேட்டில், பொடி எழுத்தில்:
கணவனின் படைப்பிரிவு, அவன் விழுந்த இடம்,
மறுமணம் என்றால் அறை காலி.

பிளிமத் துறைமுகத்துக்கு மேலே, மேட்டுத் தெருவில்
பன்னிரண்டு கதவுகள். பன்னிரண்டு கறுப்புத் தொப்பிகள்.
வாரத்துக்கு ஒரு கூடை கரி,
மாதத்துக்குக் கால் ராத்தல் தேயிலை.
வெள்ளிக்கிழமைகளில் மேற்பார்வைக் கனவான் வருவார்.
அடுப்பு மாடத்தைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்ப்பார்,
துக்கத்தில் தூசு படிந்திருக்கிறதா என்று.

ஒன்பதாம் அறை லவ்டே டிரெகென்சாவுக்கு.
எழுத்தறியாதவள்.
மால்டா முத்திரை குத்திய கடிதத்தை
மீன் கழுவிய கையின் ஈரம் படாமல்
இரு விரலில் பிடித்தபடி என்னிடம் வந்தாள்.

படித்தேன்.
சாகவில்லை. பட்டியலில் ஏறியது
வேறொரு டிரெகென்சா.
செபஸ்தபோலில் போனது இடது கால் மட்டும்.
இங்கே ஒரு கொட்டகையில் உட்கார்ந்தபடி
பாய்த்துணி தைக்கிறேன். தேடாதே.

கொட்டகைக்காரி நல்லவள் என்று
கடைசியில் ஒரு வரி இருந்தது.
அதை நான் விழுங்கிவிட்டேன்.

"இன்னொரு தடவை," என்றாள்.
முதல் சொல்லை மட்டும் படித்தேன்.
மூன்றாம் தடவை அவளே சொல்லிப் பார்த்தாள்,
வாய்க்குள், சூடான எதையோ ஆற்றுவதுபோல:
சாகவில்லை.

பிறகு கரிக்கூடையைப் பார்த்தாள்.
பாதிதான் இருந்தது. ஜனவரி.

இந்த வீட்டில் செத்தவன்தான் படியளக்கிறான்.
பிழைத்துக் கிடப்பவனின் மனைவிக்கு
தெரு இருக்கிறது,
தெருவுக்குக் கீழே கடல் இருக்கிறது.

கடிதம் நன்றாகவே எரிந்தது.
அரக்கு மட்டும் கொஞ்சம் சீறியது.
அந்தச் சூட்டில் தேநீர் போட்டோம்,
அவள் பங்குத் தேயிலையில்.

வெள்ளிக்கிழமை கனவான் கேட்டார்:
"மறைந்தவரை நினைத்துக்கொள்கிறீர்களா, அம்மா?"
"இந்த வாரம் ரொம்பவே," என்றாள் தலை குனிந்து.
அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.
கூடக் கால் கூடை கரி எழுதிக் கொடுத்தார்.

என் ஆள் செத்தது உறுதி.
புதைத்தவனே வந்து சொன்னான்,
பித்தான் இரண்டைக் கையில் வைத்துவிட்டுப் போனான்.

ஆனாலும் தபால்காரன் மேடேறும் சத்தம் கேட்டால்
ஆறாம் அறையில் நான்
மூச்சை அடக்கி நிற்கிறேன்,
ஒரு கையைக்
கரிக்கூடையின் மேல் வைத்துக்கொண்டு.