மடுத்தீன் கேட்ட துவக்கு

ஒட்டுசுட்டான் கமநல நிலையத்தில்
மின்விசிறி மூன்று. சுற்றுவது ஒன்று.
அதன் கீழே புது அதிகாரி.
கூட்டக்குறிப்பு எழுதுவது நான்.

விடயம் நாலு: பயிர்க்காவல் துவக்கு அனுமதி.

முதலில் எழும்பியது மடுத்தீன்.
"ஒன்றரை ஏக்கர் கச்சான், சேர்.
காய் பிடிக்கிற நேரம் பாத்துப்
பண்டி வந்து உழுதுபோட்டுப் போகுது.
டிராக்டர் காசு மிச்சமெண்டு
சந்தோசப்படவோ?"
சனம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.
"யானைவெடி தந்தீங்கள். நன்றி.
இப்ப வெடிச்சா யானை நிண்டு பாக்குது,
இன்னுமொண்டு போடு எண்ட மாதிரி.
மனுசியின்ர தாலிக்கொடி வங்கியில கிடக்கு.
ஒற்றைக் குழல் ஒண்டு. காணும்."

'பயிர்ச்சேதம் குறித்து அங்கத்தவர் ஒருவர்
சுட்டிக்காட்டினார்' என்று எழுதினேன்.
'சுட்டி'யில் பேனா ஒரு கணம் நின்று போனது.

படிவம், என்றார் அதிகாரி.
கிராம அலுவலர், பொலிஸ், மாவட்டச் செயலகம்,
பிறகு கொழும்பில் பாதுகாப்பு அமைச்சு.
"அதுக்கு எத்தினை போகம்?"
பின்வாங்கிலிருந்து விக்கினராசா.
"நீங்கள் இறுக்க இறுக்க
பட்டறையில தண்ணிக்குழாய் துவக்காகுது.
காட்டுக்கரையில கம்பி கட்டுப்படுகுது.
கம்பிக்குத் தெரியுமோ
பண்டி எது, மாடு தேடிப் போற பெடியன் எது எண்டு?"

அதன் பிறகு
யாரும் நிதர்சனைப் பார்க்கவில்லை.
எல்லோரும் ஒரேயடியாகப் பார்க்காமல் இருந்ததில்
அதிகாரி பார்த்துவிட்டார்.
கதிரையோடு சாய்ந்திருந்த ஜெய்ப்பூர் காலை.
"மிதிவெடியோ தம்பி?"
"ஓம் சேர்."

மிதிவெடி அல்ல.
கட்டுத்துவக்கு. முழங்காலுக்குக் கீழே.
அந்த வருசம் மடுத்தீனின் கச்சான் மூடை பதினாறு
இரவோடிரவாக
நிதர்சன் வீட்டுப் படலைக்குள் வந்து கிடந்தது.
பொலிஸ் கேட்டது. ஊருக்கு ஒன்றும் தெரியாது.
எனக்கும்தான்.

"எனக்குத் தரமாட்டீங்கள்," என்றாள் தவமலர்,
கேட்காமலே.
"எட்டு வருசம் ஒண்டோட படுத்து எழும்பினனான்.
இருட்டில கழட்டி இருட்டில பூட்டுவன்.
புனர்வாழ்வுக் கடதாசியும் கிடக்கு.
ஆனா வேண்டாம்.
அது ஒரு வீட்டுக்க இருந்தா
வீடே அதைச் சுத்தித்தான் நடக்கும்.
ஆர் எங்க படுக்கிறது,
பிள்ளை எதில கை வைக்கிறது,
கோவம் வந்தா கண் எந்த மூலைக்குப் போறது.
என்ர மரவள்ளியைக் குரங்கு திண்டிட்டுப் போகட்டும்."

"பிள்ளை, உனக்கு மரவள்ளி பத்து மூடு.
எனக்குக் கடன்."

"ஓம்," என்றாள். இருந்துவிட்டாள்.

வீதியில் முகாம் வாகனம் ஒன்று
புழுதி கிளப்பிக்கொண்டு போனது.
பின்பக்கத்தில் எத்தனை குழல் என்று
சிலர் பழக்கத்தில் எண்ணினார்கள்.
அவை பற்றி விடயம் ஏதும் இல்லை.

"சரி, ஆதரவானவர்கள் கையைத் தூக்குங்கோ."
வெளியூர்க்காரர், தெரியாமல் சொல்லிவிட்டார்.
கையைத் தூக்கச் சொன்னால்
எங்களுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.
ஒன்று. பிறகு நாலு. பிறகு பத்தொன்பது.
இருபதாவது நிதர்சன்.
கதிரையைப் பிடித்து எழும்பி நின்றே தூக்கினான்.
மடுத்தீன்
இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு
நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் எழுதிக்கொண்டிருந்ததால் தூக்கவில்லை.
கேட்டால் அப்படித்தான் சொல்வேன்.

'ஆதரவு 20. விண்ணப்பங்கள் 11.
மேலிடத்துக்கு அனுப்பப்படும்.'

அன்றிரவு முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு வெடி.
யானைவெடியாக இருக்கலாம்.
மகள் திரும்பிப் படுத்தாள்.
நான் இரண்டாவதுக்காகக் காத்திருந்தேன்.
வரவில்லை.
ஆனாலும், விடியும்வரை.