கடக்காதவர்

கவுன்டி மன்றம் எனக்குக் கொடுத்தவை:
இரண்டு சுற்றுப் பெரிய மஞ்சள் மேலங்கி,
கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஏறும் ஒரு கருவி,
மடக்கு நாற்காலி,
மழையிலும் எழுதும் என்று சொல்லப்பட்ட பென்சில்.

வேலை எளிது.
காலை ஏழு முதல் மாலை ஏழு வரை
ஃபென் சாலையைக் கடப்பவர்களை எண்ண வேண்டும்.
ஆளுக்கு ஓர் அழுத்து.
தள்ளுவண்டிக் குழந்தைக்கும் ஒன்று.
நாய்க்குக் கிடையாது.

லிங்கன்ஷயரில் தரை அப்பளம்போல் தட்டை.
வரும் லாரி மூன்று நிமிடம் முன்பே தெரியும்,
ஆனால் அதன் பின்னால் வருவது தெரியாது.
இந்தப் பக்கம் எழுபது வீடுகள்.
அந்தப் பக்கம் பள்ளி, மருந்தகம், பேருந்து நிறுத்தம்,
வாரத்தில் இரண்டு நாள் மூச்சுவிடும் நூலகம்.

வரிக்குதிரைக் கோடு கேட்டு
மூன்று வருடமாக மனுப் போடுகிறார்கள்.
வாகனங்களை வாகனங்களாலேயே பெருக்கி
அதை ஆட்களால் பெருக்கி
ஓர் எண் வரவேண்டுமாம்.
எண் வந்தால் பெயின்ட் வரும்.

ஏழேகால். பள்ளிச் சட்டையில் இருவர், ஓட்டம்.
அழுத்து, அழுத்து.
ஏழு நாற்பது. முட்டைக்கோஸ் ஆலையில் இரவுப்பணி முடித்த
லிதுவேனியப் பெண்கள் மூவர்,
ஒருத்தி முழங்கையை ஒருத்தி பிடித்தபடி.
எட்டரைக்குப் பிறகு வெறும் லாரிகள்.
அவற்றை எண்ணக் கம்பத்தில் ஒரு பெட்டி இருக்கிறது.
அது தேநீர் கேட்பதில்லை.

பத்து மணிக்கு அவர் வந்தார்.
ஐம்பது வயதிருக்கும், இடது கால் இழுத்துக்கொண்டது,
கையில் மருந்துச் சீட்டு.
வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம். மறுபடி வலப்பக்கம்.
ஒரு காலை இறக்கினார்.
லாரி.
காலை ஏற்றிக்கொண்டார்.
என் கட்டைவிரல் பொத்தான்மேல் நின்றது
பதினொரு நிமிடம்.
பிறகு, எதையோ மறந்துவந்தவர்போல்
சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்
திரும்பிப் போனார்.
அந்தத் தட்டல் எனக்காக.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
இவருக்கு ஆழம் நன்றாகவே தெரியும்.

படிவத்தைப் புரட்டினேன்.
ஆண், பெண், சிறார், சக்கரநாற்காலி, மிதிவண்டி.
'இதர' என்றொரு கட்டம், அதன் அடியில் பொடி எழுத்தில்:
குதிரையில் செல்வோர்.
ஜெம்மாவுக்குப் போன் செய்தேன்.
"கடந்தால்தான் கணக்கு" என்றாள், அன்பாகவே.
"நிற்பவர்களுக்கு அந்தச் சூத்திரத்தில் எழுத்து இல்லை."

இரட்டைத் தள்ளுவண்டியோடு ஒருத்தி திரும்பினாள்.
நூலகப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்த பையன் திரும்பினான்.
தாளின் பின்பக்கம் கோடு போட ஆரம்பித்தேன்.
யாரும் கேட்கவில்லை.
மாலைக்குள் பத்தொன்பது கோடுகள்.

மதியம் அவர் மறுபடி வந்தார். பெயர் கீத் பர்டாக்.
கைப்பிடித்துக் கூட்டிப்போக எழுந்தேன்.
நாற்காலியைவிட்டு நகர்ந்தால்
அந்த மணிநேரம் முழுதும் செல்லாது.
உட்கார்ந்துவிட்டேன்.
இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

"எத்தனை ஆச்சு?" என்றார்.
கருவியைக் காட்டினேன். நூற்று முப்பத்தொன்று.
"என்னைச் சேர்த்தா?"
இல்லை என்றேன்.
"அதுவும் சரிதான். நான் போகலையே."

பிப்ரவரியில் கதவிடுக்கு வழியாக வந்து விழுந்தது
கவுன்டியின் காலாண்டு அறிக்கை, பளபளத் தாளில்.
பொதுப் பாதுகாப்பு: ஃபென் சாலை,
கடப்போர் எண்ணிக்கை போதவில்லை.
வசதிகள்: வருவோர் குறைந்ததால்
நூலகம் இனி வாரம் ஒரு நாள்.
சமூக மேம்பாடு: குடியிருப்போர் இளைப்பாற
வீடுகள் இருக்கும் பக்கம்
புதிய பெஞ்சு ஒன்று.

என் தாளின் பின்பக்கம் என்னவாயிற்று என்று கேட்டேன்.
ஸ்கேனர் ஒரு பக்கம்தான் எடுக்கும், என்றாள் ஜெம்மா.

நல்ல பெஞ்சு. ஓக் மரம். மருந்தகத்தைப் பார்த்திருக்கிறது.
நேற்று கீத் அதில் உட்கார்ந்திருந்தார், மடியில் சீட்டு.
நானும் போய் உட்கார்ந்தேன்.
மேலங்கி இல்லை, கருவி இல்லை,
ஒவ்வொரு லாரிக்கும்
கட்டைவிரல் மட்டும் தானாக மடங்கியது.
"போகலாமா?" என்றேன்.
"இது போகட்டும்" என்றார்.
அது போனது.