இருபத்தி மூணாயிரத்து நானூறு

சீட்டில் விழுந்தது இருபதாயிரம்.
ஓவர்டைம் மூவாயிரம்.
நானூறு, ஸ்டெபினாவிடம் கொடுத்து
திரும்பாது என்று நான் மறந்தே போனது.

எதுக்குப் பணம் என்று ஆலையில் கேட்டார்கள்.
வளையலுக்கு என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.
நான் திருத்தவில்லை.

செருப்பைக் கழற்றி, சுவரில் முதுகை ஒட்டி,
கவட்டில் ஒரு கெட்டி அட்டையை இறுக்கிவைத்து
பென்சிலால் கோடு போட்டேன்.
எழுபத்தி இரண்டு சென்டிமீட்டர்.
இருபத்தொன்பது வருஷம் நடந்த காலுக்கு
அன்றைக்குத்தான் ஒரு எண் வந்தது.

நாகர்கோவிலில், செட்டிகுளம் பக்கம், ஏசி போட்ட கடை.
வளைந்த ஹேண்டில் வைத்ததெல்லாம்
முப்பத்தெட்டில் தொடங்கின.
பையன் பதினெட்டுக்கு ஒன்றை உருட்டி வந்தான்:
இருபத்தொரு கியர், முன்னே ஷாக்அப்சார்பர்,
ரெண்டு சக்கரத்திலும் டிஸ்க்.
தூக்கிப் பார்த்தேன்.
தீர்ந்த கேஸ் சிலிண்டரும் இவ்வளவுதான் இருக்கும்.
"கூடை வச்ச மாடலும் இருக்குக்கா."
கூடையில் எதைப் போட, முட்டத்துக் காற்றையா?

வெட்டுமணியில் ஒரு கார் ஷெட்.
துபாயிலிருந்து வந்தவர் துணியை விலக்கினார்.
கார்பன். கறுப்பு.
ஒற்றை விரலில் தொங்கியது.
"அங்க ரெண்டு லட்சம். உனக்கு இருபத்திமூணு."
எனக்கு வாய் உலர்ந்துவிட்டது, பொய் சொல்லவில்லை.
கண்ணை மூடிக்கொண்டு தடவினேன்.
பதினோரு வருஷம் முந்திரிப்பருப்பு தரம் பிரித்த விரல்,
இருநூற்றி நாற்பதும் முன்னூற்றி இருபதும்
இருட்டிலும் அதற்குத் தெரியும்.
கீழ்க்குழாயில், ஸ்டிக்கர் ஓரத்தில்,
நகம் ஒரு மயிரிழையில் தட்டுப்பட்டது.
சுண்டிக்கொண்டே போனேன்: டக், டக், டக்,
அந்த இடத்தில் மட்டும் தொண்டை கட்டின சத்தம்.
கண்ணுக்கு முழுசு. விரலுக்குத் துண்டு.
"பெயிண்ட் கீறல்தான் மக்கா."
ஸ்டிக்கரை உரிச்சிக் காட்டுங்க என்றேன்.
துணியை மறுபடி போர்த்தினார்.

திரும்பும் பஸ்ஸில் முழுக்க அதைத்தான் நினைத்தேன்.
எட்டு கிலோ. ஒற்றை விரல்.

பிறகு குலசேகரத்தில்,
ரப்பர் ஷீட் காயும் கொடிக்கு அடியில் சாய்ந்து நின்றது.
ஸ்டீல். நீலம் என்றும் சொல்லலாம்.
பின்னால் எட்டுப் பல்சக்கரம், பிரேம் நாற்பத்தொன்பது,
டயரில் நூல் தெரிந்தது, பின்சக்கரம் லேசாய் ஆடியது.
அஜின்ராஜ் என்ற காலேஜ் பையன்,
பல்சர் வாங்க விற்கிறானாம்.
ஏறி உட்கார்ந்தேன்.
எட்டிப் பிடிக்கவும் வேண்டாம், குறுகிக்கொள்ளவும் வேண்டாம்.
பத்தொன்பது கேட்டான். பதினாலரை என்றேன்.
அவன் அம்மா ஷீட்டை மடிக்கிறதை நிறுத்தினாள்.
பதினாறரை.

மிச்சத்தில் ரெண்டு டயர், ஒரு செயின்,
தலைக்கவசத்தில் மட்டும் பேரம் பேசவில்லை.
பம்ப்பும் டியூபும் விளக்கும் போக
கையில் நூற்றைம்பது.
பஞ்சு வைத்த கால்சட்டை அடுத்த சீட்டுக்கு.
அதுவரை வலிக்கும்.

நாலே முக்காலுக்குக் கருங்கல் விட்டேன்.
குளச்சல் வரைக்கும் இறக்கத்தில் என்னைப் பெரிய ஆளாக்கியது ரோடு.
மண்டைக்காடு தாண்டியதும் காற்று கணக்குக் கேட்டது.
கடியபட்டணம் பாலத்தில் ஒரு மீன் ஆட்டோ
பக்கத்தில் மெதுவாக்கி,
"எந்தாடி, பந்தயமா?" என்றது.
டிசம்பரில்தான், என்று சொல்ல
மூச்சு மிச்சமில்லை. தலையாட்டினேன்.
முட்டம் ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன்.
அதையும் எழுதிவிடுகிறேன்.

போக வர நாற்பத்தொன்று.
எட்டுமணி ஷிப்டில் விரல் நடுங்கி
ஒருமணி நேரம் எல்லாப் பருப்பும் ஒரே தரம்.
ஸ்டெபினா குனிந்து கேட்டாள்,
"வளையல் எங்கடி?"

சுடிதாரைக் கொஞ்சம் உயர்த்தினேன்.
வலது கெண்டைக்காலில்
செயின் கறுப்பில், அரைவட்டமாய், பல் பல்லாய்.
தேங்காயெண்ணெய் தேய்ச்சாப் போயிடும் என்றாள்.

போகட்டும்.
நாளைக்கும் விழும்.