பவுண்டுக்கு அறுபது சென்ட்

மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டேன்.
ஒருவர் வரவே இல்லை.
இன்னொருவர் வீட்டைப் பார்க்காமலே போனில் ஒரு தொகை சொன்னார்.
மூன்றாமவர் யூஜின் டெர்க்சன்.
காலணியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு
ஓட்டைக் காலுறையோடு அறை அறையாக நடந்தார்,
அலமாரிகளைத் திறந்தார், கட்டிலுக்கடியில் குனிந்தார்.
பன்னிரண்டு வருடத்தில் என் வீட்டை
இத்தனை அக்கறையாக யாரும் பார்த்ததில்லை.

"நாலாயிரத்து எண்ணூறு பவுண்டு வரும்" என்றார்.
"வண்டியைக் காலியாக ஒரு தடவை,
ஏற்றிய பிறகு ஒரு தடவை எடைமேடையில் நிறுத்துவோம்.
வித்தியாசம்தான் நீங்கள்."

பிராண்டனிலிருந்து ட்ரூரோ.
மேனிடோபாவின் தட்டை நிலத்திலிருந்து
நான் இதுவரை பார்த்தேயிராத ஒரு கடலின் பக்கம்.

பெயிண்ட் ஏற்ற மாட்டார்கள். கேஸ் சிலிண்டர், தீப்பெட்டி, கூடாது.
செடி?
"அதற்கு உயிர் இருக்கிறதே மேடம்."
பெகோனியாவை எதிர்வீட்டுத் தோராவிடம் கொடுத்தேன்.
அவள் அதைக் கொன்றுவிடுவாள், இருவருக்கும் தெரியும்.

தொலைந்தால், உடைந்தால்
பவுண்டுக்கு அறுபது சென்ட் தருவார்கள்.
கூடுதல் காப்பீட்டுக்குக் கூடுதல் பணம்.
வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.
இந்தக் கணக்கில் என் இரும்புச் சட்டி ராஜா.
கடிதங்களுக்கு மதிப்பே இல்லை.

அக்டோபர் கடைசி, முதல் பனி.
ஓட்டுநர் ரோசேர் கோமோ ஒவ்வொன்றாய்ச் சுற்றி வந்து
சொல்லச் சொல்ல, உதவியாள் ஜெரிக் எழுதினான்:
மேசை, இடது முன்காலில் கீறல், முன்பே இருந்தது.
நாற்காலி நான்கு, ஒன்று ஆட்டம், முன்பே இருந்தது.
விளக்கு, நசுங்கல், முன்பே இருந்தது.
கட்டில், தலைமாட்டுப் பலகையில் பிளவு,
ரோசேர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
முன்பே இருந்தது, என்றேன் நானே.
எப்படி என்று அவர் கேட்கவில்லை.
படிவத்தில் அதற்கு இடமும் இல்லை.
கீழே கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு மஞ்சள் ஸ்டிக்கர், ஒன்று முதல் எழுபத்து மூன்று வரை.
அதே வண்டியில் ரெஜைனாவின் பல் மருத்துவர் ஒருவரின் வீடு நீலத்தில்,
தண்டர் பேயில் இறங்கவேண்டிய பியானோ சிவப்பில்,
பச்சை யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை.
என் மெத்தை அந்நியர் ஒருவரின் சோபாமீது சாய்ந்தபடி
சுப்பீரியர் ஏரியைச் சுற்றிப் போகும்.

எட்டிலிருந்து இருபத்தொரு நாளுக்குள், என்றார்கள்.
ட்ரூரோவில் ஒரு கெட்டில், ஒரு ஸ்பூன்,
இரவில் காற்றிறங்கும் ரப்பர் படுக்கை.
தும்மினால் வீடு திருப்பித் தும்மும்.
உண்மையைச் சொன்னால், நன்றாகத்தான் இருந்தது.

பதினேழாம் நாள் வண்டி வந்தது.
எழுபத்திரண்டு மஞ்சள்.
அறுபத்தொன்றைக் காணோம்.
அதற்குப் பதிலாக வந்ததுபோல்
பச்சை ஸ்டிக்கரோடு ஒரு பெட்டி, எண் பதினான்கு.

யூஜின் போனில் கேட்டார்:
"அறுபத்தொன்றில் என்ன இருந்தது?"
தெரியவில்லை.
"எடை? தோராயமாக?"
தெரியவில்லை.
"முப்பது என்று வைப்போம். பதினெட்டு டாலர்."

நாலு ராத்திரி யோசித்தேன்.
இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. பால் குவளை, கையுறைகள்,
வரிக் காகிதங்கள், மூக்குடைந்த பீங்கான் வாத்து,
தூக்கிப்போட நினைத்து மறந்தவைகூட வந்துவிட்டன.
கைநீட்டி எடுக்கப்போய்
இல்லாமல் திரும்பியது எதுவுமில்லை இதுவரை.

பச்சைப் பெட்டியை எடுத்துப்போக ஆள் வரும் என்றார்கள்.
வரவில்லை.
கூடத்தில் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறேன்.
பிரிக்கவில்லை, சத்தியமாக.
நேற்று மட்டும், குளியலறை எடைக்கருவியில்
அதைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை ஏறினேன்,
கீழே வைத்துவிட்டு ஒரு தடவை.

இருபத்திரண்டு பவுண்டு.
பதின்மூன்று டாலர் இருபது சென்ட்.
உள்ளே ஏதோ கண்ணாடி.