பதினேழாவது குழி, இடப்பக்கம்

கேடி வேலை என்று வீட்டில் சொன்னபோது
அம்மா போலீஸ் ஸ்டேஷனைத்தான் நினைத்தாள்.
பை தூக்குகிற வேலைம்மா, ஒரு வெள்ளைக்காரனுக்கு,
நாலு நாள், சாப்பாடு உண்டு.

இவான் ப்ரோசர். வயது இருபத்து மூன்று. வேல்ஸ்காரன்.
இங்கிலீஷ்காரனா என்று கேட்டதற்கு
முதல் நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.
பந்து தண்ணீரில் விழுந்தால் அவன் திட்டியது இங்கிலீஷ் இல்லை,
தொண்டைக்குள் கூழாங்கல் உருட்டும் ஒரு பாஷை.
நான் தமிழில் திட்டினேன்.
பந்து இரண்டையும் மதிக்கவில்லை.
அதிலிருந்து சிநேகம்.

கோலாலம்பூர் மழை நாலு மணிக்கு வரும்,
வட்டிக்காரன் மாதிரி.
அவன் ஊர் மழை வேறாம்:
விழலாமா வேண்டாமா என்று நாள் முழுக்க யோசிக்குமாம்.
ஞாயிறு, பதினேழாவது குழி, ஓர் அடி முன்னால் இருந்தான்.
மின்னல் சங்கு ஊதியது.
புல்வெட்டி வண்டிக் கொட்டகையில் மூன்று மணி நேரம்.
அவன் வாழைப்பழம் தின்றான், நான் இடி எண்ணினேன்.

திரும்பியபோது புல் கனத்திருந்தது.
குழிக்கு நான்கடி.
எந்தப் பக்கம், என்றான்.
இடப்பக்கம், அரைக் குழி.
ஏன்?

ஏனென்றால் இந்தப் புல்லுக்கு அடியில், வலது ஓரமாக,
எங்கள் எட்டாம் நம்பர் லயத்துச் சாக்கடை போகிறது.
எத்தனை லாரி மணல் கொட்டினாலும்
தரை அந்தப் பக்கம்தான் உட்காரும்.
இதைச் சொல்ல அன்று என்னிடம் இருந்த இங்கிலீஷ்:
ஐ நோ.
தெரியும் என்றும் கேட்கலாம்,
தெரியாது என்றும்.

என்னைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான்.
நேராக அடித்தான்.
வலது விளிம்பை உரசிக்கொண்டு போய் நின்றது பந்து.

மிச்சமெல்லாம் எண்கள்.
இங்கே இரண்டாம் இடம். பாங்காக்கில் பன்னிரண்டு.
தோஹாவில் வெள்ளிக்கிழமையே வெளியே.
மணிக்கட்டில் கத்தி; இரண்டு வருஷம் பெயரே காணோம்.
பேப்பரில் குதிரைப் பந்தய முடிவுக்குக் கீழே
எறும்பு எழுத்தில் தேடுவேன்.
ஒருமுறை நாற்பத்தொன்று. ஒருமுறை அறுபது.
எதற்காகத் தேடினேன் என்று மனைவி கேட்டாள்.
எனக்கு வரவேண்டிய பாக்கி மாதிரி இருந்தது.

பத்தொன்பது வருஷம் கழித்து
திங்கட்கிழமைத் தகுதிச் சுற்றுக்கு வந்தான்.
பையில் கம்பெனிப் பெயரைப் பிரித்த ஊசித் துளைகள்;
வெயிலில் சாய்த்தால் இன்னும் படிக்கலாம்.
நான் இப்போது கேடி மாஸ்டர், தூக்க வேண்டியதில்லை.
தூக்கினேன்.
எழுபத்து நான்கு. மூன்று அடி அதிகம்.

கார் நிறுத்துமிடத்தில் ஷூவைத் தட்டிக்கொண்டே சொன்னான்:
கை ஈரம், வழுக்கிவிட்டது என்று
எல்லாரிடமும் சொன்னேன், என் அம்மாவிடமும்.
உன்னை நம்பவில்லை. அவ்வளவுதான்.

இப்போது என்னிடம் இங்கிலீஷ் இருந்தது.
லயம், சாக்கடை, மணல், எல்லாம் சொன்னேன்.
ஷூவைத் திரும்ப மாட்டினான்.
வா, என்றான்.

மணி நாலாக ஐந்து நிமிஷம்.
பதினேழில் ஆளில்லை; உடும்பு ஒன்று கடந்து போனது.
நான்கடியில் பந்தை வைத்து,
என்னைப் பார்க்காமல்,
இடப்பக்கம், அரைக் குழி, சரியாகக் குறி வைத்தான்.

போன வருஷம்தான் இந்தக் கிரீனை
நெஞ்சளவு தோண்டி, குழாய் போட்டு, மட்டம் பார்த்துக் கட்டினார்கள்.
இப்போது நேராகத்தான் போகும்.
சொல்ல வாயெடுத்தேன்.
சங்கு ஊதியது.