தொண்ணூறு நாள்

சிலிக்குள் பழம் கொண்டுபோகக் கூடாது.
தேன் கூடாது. பாலாடைக்கட்டி கூடாது.
விதை, மண், வைக்கோல், ஒன்றும் கூடாது.
எவாரிஸ்தோவுக்கு இது தெரியும்.
தெரிந்தேதான் தன் மரத்துப் பீச்சுகளை ஒரு பை நிறையப் பறித்து
ஸனெல்லாவின் பின்சீட்டில் வைத்து
கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார்.

சான் ஹுவானிலிருந்து ஒன்பது வண்டி.
முன்னால் பல் டாக்டர் நெலிடா.
அடுத்து மெக்கானிக் ஃபாப்ரிசியோ;
மெக்கானிக் பின்னால்தான் வரவேண்டும் என்றோம், கேட்கவில்லை.
கடைசியில் புழுதி தின்றுகொண்டு நான்.

அகுவா நெக்ரா கணவாயில் தார் முடிந்தது.
சரளை. கொண்டை ஊசி. மறுபடி சரளை.
நாலாயிரம் மீட்டருக்கு மேல்
எஞ்சினுக்கும் எங்களுக்கும் ஒரே வியாதி.
ஸனெல்லா முதல் கியரில் இருமிக்கொண்டே ஏறியது.
சரிவெல்லாம் ஆளுயரப் பனிக்கூர்கள்,
எங்கள் பக்கம் அவற்றுக்கு மன்றாடிகள் என்றே பெயர்.
மண்டியிட்டவர்கள் மண்டியிட்டபடி.
ஒருவரும் எழுந்து வழிவிடவில்லை.

உச்சியில் ஒரு பலகை.
இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள்.
லுட்மிலா படம் எடுத்தாள். எவாரிஸ்தோ படத்தில் நிற்கவில்லை.
எதிர் மேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"எழுபத்தெட்டு டிசம்பர். எனக்குப் பத்தொன்பது.
இதுமாதிரி ஒரு மேட்டில்தான் குழி தோண்டினோம்.
பல் அடித்துக்கொள்ளும் சத்தம் அவர்களுக்குக் கேட்கும் என்று
கன்னத்தில் கூழாங்கல் அடக்கச் சொன்னார் சார்ஜென்ட்.
உள்ளே போய்த் திரும்ப மூன்று நாள், அதற்கு மேல் ஆகாது என்றார்.
தெற்கே கடலில் புயல். கிளம்பவே இல்லை.
கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கு அரை டப்பா மத்தி."
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

ஹுந்தாஸ் சோதனைச்சாவடி.
வாசலிலேயே பையை அவிழ்த்தார்.
முப்பத்தொரு பழம். நாலைந்து நசுங்கியவை.
சுவரோரம் உட்கார்ந்து ஒன்பது பேரும் தின்றோம்,
முழங்கை வழியே சாறு வழிய,
கையுறைகளைத் தொடையிடுக்கில் செருகிக்கொண்டு.
சுங்க அதிகாரி யாஸ்னா, இருபத்தைந்து இருக்கும்,
கதவில் சாய்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.
ஒன்று எடுத்துக்கொள் என்று நெலிடா நீட்டினாள்.
"டூட்டியில் இருக்கிறேன்" என்றாள்.
எச்சில் விழுங்கியது தெரிந்தது.

கொட்டைகளுக்கு ஒரு தகர வாளி.

"சிலிக்கு முதல் தடவையா?"
எவாரிஸ்தோ தலையாட்டினார்.
"என்ன காரியமாக?"
அதற்கும் தலையாட்டினார்.
யாஸ்னா பேனாவைக் கீழே வைத்தாள்.
வாளியைத் தூக்கி அவர் முகவாய்க்கு நேரே பிடித்தாள்.
இடது கன்னம் புடைத்திருந்தது.

டங்.

பிறகு முத்திரை. தொண்ணூறு நாள்.
"அத்தனை எதற்கு?" என்றார்.
"எல்லாருக்கும் அதுதான்."

வண்டி கிளம்பவில்லை.
உதைத்தார். உதைத்தோம்.
ஃபாப்ரிசியோ பிளக்கைக் கழற்றி ஊதி, சட்டையில் துடைத்து,
ஸனெல்லா கம்பெனியின் ஏழு தலைமுறையையும் திட்டி முடித்தான்.
கடைசியில் நான், லுட்மிலா, நெலிடா,
தொப்பியைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்த யாஸ்னா,
நாலு பேரும் தள்ளினோம்.
தடுப்புக் கம்பி உயர்ந்தது.
எஞ்சின் பிடிக்கும்வரை முப்பது மீட்டர் இருக்கும்,
சத்தமே இல்லாமல் அந்நிய நாட்டுக்குள் போனார் எவாரிஸ்தோ
சைக்கிள் பழகும் பிள்ளைபோல
காலிரண்டையும் அகட்டிக்கொண்டு.

புகை கலைந்தபின்
யாஸ்னா தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள்.
பின்சீட்டு முழுக்கச் சாறு ஊறியிருந்தது.